பழைய கணினியைத் தொட்டால் ‘சுர்ர்’ என்கிறதா? எர்த் கம்பியைக் கவனியுங்கள்

அலுவலகங்களில் கழித்துவிடப்படும் பழைய மேசைக் கணினிகள் தோட்டப்புற டியூஷன் மையங்களுக்கும் வீடுகளுக்கும் வந்து சேர்கின்றன. பிள்ளைகளின் படிப்புக்கு அவை பெரிய உதவி. ஆனால் கணினி ஓடுகிறதா என்று பார்க்கும் பலர், அதன் மின் இணைப்பு பாதுகாப்பானதா என்று பார்ப்பதில்லை.

வெறுங்காலுடன் நின்று கணினியின் இரும்புப் பெட்டியைத் தொடும்போது சில நேரம் விரலில் ‘சுர்ர்’ என்று இருக்கும். பழைய கணினி என்றால் அப்படித்தான் என விட்டுவிடக் கூடாது. எர்த் இணைப்பு இல்லை என்பதற்கு அது பெரும்பாலும் அறிகுறி.

பவர் சப்ளைக்குள் இருக்கும் சிறு மின்தேக்கிகள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் பெட்டிக்குக் கசியும். எர்த் கம்பி அதை நிலத்துக்குக் கொண்டுபோய்விடும். கம்பி இல்லாவிட்டால் பெட்டியில் ஏறக்குறைய 115 வோல்ட் நிற்கும். கசிவு மிகக் குறைவு என்பதால் வெறும் கூச்சத்தோடு போய்விடுகிறது.

உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான். உள்ளே லைவ் கம்பியின் உறை தேய்ந்து பெட்டியில் பட்டுவிட்டால், எர்த் உள்ள இடத்தில் பியூஸ் உடனே எரிந்து மின்சாரம் நின்றுவிடும். எர்த் இல்லாத இடத்தில் பியூஸ் எரியாது. பெட்டி முழுவதும் 230 வோல்ட் நிற்கும். தொடுபவரின் உடல்தான் அதற்கு வழி.

ஆகவே, பழைய கணினியைச் சுவிட்சில் போடுவதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள்.

கம்பியில் வெடிப்பு, டேப் சுற்றிய ஒட்டு, கருகிய முனை இருந்தால் தூக்கி எறியுங்கள். சிரிம் முத்திரையுள்ள மூன்று முனை கம்பி மின்சாதனக் கடைகளில் கிடைக்கும். இரண்டு முனை பிளக்கைப் பேனாவால் குத்திச் சொருகும் பழக்கம் வேண்டாம். அதில் எர்த் இணைப்பே கிடையாது.

திறக்கக்கூடிய பிளக் என்றால், சாக்கெட்டிலிருந்து எடுத்த பிறகு திறந்து பாருங்கள். பச்சை மஞ்சள் கம்பி மேல் முனையிலும், பழுப்புக் கம்பி பியூஸ் உள்ள பக்கத்திலும், நீலக் கம்பி எதிர்ப்பக்கத்திலும் இறுக்கமாக இருக்க வேண்டும். பியூசுக்குப் பதிலாக வெள்ளிக்காகிதம் சுற்றியிருந்தால் அந்தப் பிளக்கைப் பயன்படுத்தாதீர்கள்.

பெட்டியின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிறிய சுவிட்ச் இருந்தால், அது 230-இல் இருக்க வேண்டும். 115-இல் வைத்து நம் நாட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் பவர் சப்ளை வெடித்துப் புகையும்.

பவர் சப்ளையை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

புதுக் கம்பி மாற்றியும் ‘சுர்ர்’ நிற்கவில்லையா? சுவரில் உள்ள சாக்கெட்டிலேயே எர்த் இல்லாமல் இருக்கலாம். பழைய தோட்ட வீடுகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் கணினியின் பிளக் சாக்கெட்டுக்கு வெளியிலேயே இருக்கட்டும்.