கையில் கட்டிய காலம்

பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்பதும் ஒரு கலையோ என நண்பர் சிலர் வினவுவதுண்டு. பொன்னாலானவற்றை விடுத்து, ஆசிரியரும் எழுதுவினைஞரும் கமக்காரரும் அன்றாடம் அணிந்து தேய்த்தவற்றையே யான் சேர்த்து வருகின்றேன் என அறிந்ததும் அவர்தம் வியப்பு நகைப்பாக மாறும்.

பொழுதை அளக்கும் வேட்கை நமக்குப் புதிதன்று. பாசறையிலே நீர்க்கலங் கொண்டு நாழிகை கணித்து அரசனுக்கு அறிவிப்போரை முல்லைப்பாட்டிற் காண்கின்றோம். நாழிகை ஒன்று 24 நிமிடம். 60 நாழிகை ஒரு நாள். அன்று நீர் செய்த தொழிலைப் பிற்காலத்தில் எஃகுச் சுருள் ஏற்றது. முறுக்கிய சுருள் விரியப் பற்சக்கரங்கள் சுழல்கின்றன. அவ்விசை ஒருங்கே பாய்ந்து தீராவண்ணம் துலாச் சக்கரம் அதனை அளந்து விடுகின்றது. பழைய கடிகாரங்கள் பலவற்றில் அச்சக்கரம் மணிக்கு 18,000 முறை, அஃதாவது வினாடிக்கு 5 முறை, அசையும். காதருகே வைத்தாற் கேட்கும் ஒலி அதுவே.

1969 டிசெம்பரில் ஜப்பானிலே சீக்கோவின் 'அஸ்ட்ரோன்' என்னும் குவாட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. மின்கலத்தால் இயங்கும் அவ்வகை மலியவே, நாடோறும் முறுக்க வேண்டியவை மெல்ல மெல்ல இழுப்பறைக்குள் ஒதுங்கின. 1961 இல் ஜப்பானியச் சிற்றிசனின் துணையுடன் பெங்களூரிற் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.ரி.யும் இதற்குத் தப்பவில்லை. 'ஜனதா' என்னும் எளிய கடிகாரத்தைத் தந்த அக்கடிகார நிறுவனத்தை மூட 2016 இல் இந்திய அரசு முடிவு செய்தது. இன்று அந்த ஜனதாவையே அன்பர்கள் தேடித் திரிகின்றனர்.

தேடுவோர் வழுக்கும் இடம் ஒன்றுண்டு, யானே வழுக்கியிருக்கின்றேன். என் தந்தையாரும் ஆசிரியர். அவரது கடிகாரத்தின் முகப்பிலே, நான்காம் மணிக்கு அருகில், பழுப்பேறிய நீர்க்கறை ஒன்று இருந்தது. ஒருமுறை அதனைக் கழற்றாமற் கிணற்றடியில் முழுகியதால் வந்தது. அவர் மறைந்தபின் அக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்து, "முகப்பையும் புதிதாக்குக" என்றேன். பளபளவென்று திரும்பி வந்தது. ஆவலோடு அன்னையாரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆற்ரை மணிக்கூடு, தம்பி?" என்றார்.

யான் விடை கூறவில்லை.

ஏடு பதிப்பிக்கும் நல்லறிஞர், செல்லரித்த இடத்தைச் செல்லரித்ததாகவே காட்டுவர். தம் சொல்லை இட்டு நிரப்பிப் பழம்பாடம் என்னார். மாணவர்க்கு இதனைப் பல்லாண்டு போதித்தவன், தன் தந்தையின் ஏட்டிலே அப்பிழையைச் செய்துவிட்டேன்.

அன்று முதல் பழுதுபார்ப்போரிடம் யான் வேண்டுவது இவ்வளவே: அழுக்கை நீக்குக, எண்ணெய் இடுக, ஓடாததை ஓடச் செய்க, முகத்தை மட்டுந் தொடற்க. உங்கள் வீட்டு இழுப்பறையிலும் ஒன்று உறங்கக் கூடும். அதனை விற்பதற்கும் துலக்குவதற்கும் முன்னர், அதன் கறை எப்படி வந்தது என்று வீட்டு முதியோரிடம் ஒருமுறை கேட்டு வையுங்கள்.