மலிவு ஸ்பானரும் எங்கள் விரல்களும்

தொழிற்சாலையில் கைகளை நம்பிப் பிழைக்கும் நாம், வீட்டுக்கு ஸ்பானர் வாங்கும்போது மட்டும் நாற்பது துண்டு மலிவுப் பெட்டியைத் தூக்கி வருகிறோம். பழைய காரின் இறுகிய நட்டில் பலமாகத் திருப்பினால் அந்த மட்டமான இரும்பின் வாய் விரிந்து வழுக்கும். விரல்கள் அடிபடும். நட்டின் மூலைகள் மழுங்கினால், பிறகு நல்ல ஸ்பானருக்கும் பிடி கிடையாது. கை காயப்பட்டால் மணித்தியாலச் சம்பளமும் குறையும், ஊருக்கு அனுப்பும் காசும் குறையும்.

ஆகவே பெட்டியை விடுவோம். 6, 8 மில்லிமீற்றர் போல்ற்றுகளுக்குப் பெரும்பாலும் 10, 13 அளவு ஸ்பானர்களே வேண்டும். ஒரு முனை திறந்த வாயும் மறுமுனை வளையமுமாக, அந்த இரண்டையும் தரமான குரோம் வனேடியம் உருக்கில் வாங்குவோம். திறந்த வாய் நட்டின் இரண்டு பக்கங்களைத்தான் பிடிக்கும். வளையம் சுற்றிவரப் பிடிக்கும். இறுகிய நட்டுக்கு வளையத்தைப் போட்டு, தள்ளாமல் எம் பக்கம் இழுப்போம். பெட்டியின் விலைக்கு இரண்டுதான் கிடைத்தாலும் அதுவே இலாபம்.