சுவைத்தலும் சொல்லலும்

இங்கிலாந்திலே ரெப்ரன் என்னும் பழைய பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. 1930ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் அங்கு விடுதியில் தங்கிக் கற்ற மாணவர்க்குக் கட்பரி நிறுவனத்தார் இடையிடையே ஓர் அட்டைப்பெட்டி அனுப்புவதுண்டு. பெட்டியில் 12 சொக்கலேற்றுக் கட்டிகள் இருக்கும். 11 கட்டிகள் புதிதாக ஆக்கப்பட்டவை. எஞ்சிய ஒன்று யாவரும் அறிந்த பழையது, ஒப்புநோக்குதற்பொருட்டு வைக்கப்பட்டது. உடன் ஒரு தாளும் வரும். அதில் இரண்டு நிரல்கள். ஒன்று புள்ளியிடுதற்கு, மற்றையது கருத்து எழுதுதற்கு. அவ்வாறு சுவைத்து எழுதிய மாணவருள் ஒருவரே பின்னாளிற் சிறுவர் கதைகளாற் பெரும்புகழ் எய்திய றோல்ட் டால். 1964இல் வெளிவந்த 'சார்லியும் சொக்கலேற்றுத் தொழிற்சாலையும்' என்னும் தம் கதைக்கு அப்பெட்டிகளின் நினைவே வித்தாயிற்று என்பதை 1984இல் வெளியிட்ட இளமை நினைவு நூலில் அவரே கூறியுள்ளார்.

இச்செய்தியில் என் உள்ளத்தைக் கவர்ந்தது அவர்கள் பெற்ற தின்பண்டம் அன்று. அந்த இரண்டாவது நிரலே.

அண்மையிற் பேமிங்காம் நகரில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது அந்நாட்டுக் கட்டிகள் மூவகை கொணர்ந்து தந்தார். "எப்படி ஐயா இருக்கிறது?" என்று வினவினார். "நல்ல இனிப்பு" என்றேன். சொன்ன அளவிலே நாணம் என்னைப் பற்றிக்கொண்டது. 'இப்பாட்டு மிக இனிமையானது' என்று எழுதிவிட்டு மாணவன் நிறுத்துவானாயின், 'எவ்வாறு?' என்று சிவப்பு மையினால் வினவும் கை அன்றோ என் கை? அன்றிரவே ஒரு தாளில் இரு நிரல் வரைந்துகொண்டு மீண்டும் சுவைக்கலானேன்.

உறையைப் பிரித்தபோது கட்டியின்மேல் வெண்மை படர்ந்திருந்தது. அது பூஞ்சணம் அன்று. கொக்கோக் கொழுப்பு நம் உடற் சூட்டினும் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே உருகுவது. ஆதலினாலேயே சொக்கலேற்று மெல்லாமலே நாவிற் கரைகின்றது. வழியில் வெயில்பட்டு உருகி மீள உறைந்தமையால் அக்கொழுப்பு மேலெழுந்து வெளுத்தது. ஏடு பெயர்த்தெழுதினோன் பிழையை நூலாசிரியன் தலையிற் சுமத்தல் ஆகாது. அதற்குப் புள்ளி குறைத்திலேன்.

முதலாவது பிரை கம்பனியாரின் 'சொக்கலேற் கிறீம்'. 1847இல் பிறிஸ்ரல் நகரிலே, அதுகாறும் பெரும்பாலும் பானமாகவே வழங்கிய கொக்கோவை அச்சில் வார்த்துத் தின்னும் கட்டியாக்கியவர் இவர்களே. 1866இல் தோன்றியது இவ்வகை. மேலே கைப்புடைய மெல்லிய ஓடு. உள்ளே வெண்ணிறச் சீனிக் குழைவு. இரண்டும் அயலார் போல அருகருகே நிற்கின்றன, உறவாடவில்லை. புள்ளி 5.

இரண்டாவது 1905இல் வந்த 'டெயரி மில்க்'. பாலையும் சீனியையும் வற்றக் காய்ச்சிக் கொக்கோவுடன் உலர்த்தி எடுப்பது இவர்தம் முறை. பால் சுண்டும்போது அடுக்களையில் எழும் மணம் இதில் உண்டு. கொக்கோவோ பின்னே ஒதுங்கி நிற்கின்றது. பிரித்தானியர் பாற் சொக்கலேற்றுக்கு நூற்றுக்கு 20 பங்கு கொக்கோ போதும் என்பர். ஐரோப்பியப் பொதுவிதி 25 கேட்கும். பிற தாவரக் கொழுப்பும் சேர்வதனால், இதற்குச் சொக்கலேற்று என்னும் பெயர் பொருந்துமா என்று ஐரோப்பிய நாடுகள் சில நெடுங்காலம் வழக்காடின. 2000ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வழக்கைத் தீர்க்க வழி செய்தது. பெயர் எதுவாயினும் நா மறுக்கவில்லை. புள்ளி 7.

மூன்றாவது, கட்பரியாரின் தொழிற்சாலை ஊர்ப்பெயர் தாங்கிய 'போண்வில்' என்னும் கரிய கட்டி. அறுசுவையுள் கைப்பு முன்வந்தது, துவர்ப்புத் தொடர்ந்தது, இனிப்பு இறுதியில் வந்தது. முதல் துண்டு விலக்கியது, இரண்டாவது அழைத்தது. புள்ளி 8.

மறுநாள் எஞ்சிய துண்டுகளை வகுப்பிற் பகிர்ந்து, என் புள்ளிகளைக் கூறாது, ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். பலர் 'நன்று' என்றெழுதி நிறுத்தினர். கட்டுரையில் எப்பொழுதும் பின்தங்கும் ஒரு மாணவன் மட்டும் கரிய கட்டிக்கு 2 புள்ளி இட்டு, எதிரே இங்ஙனம் எழுதியிருந்தான்: "அம்மாச்சி காய்ச்சும் மல்லிக் குடிநீர் போலக் கைக்கிறது. குடிநீர் காய்ச்சலையாவது மாற்றும். இதன் இனிப்பு, அடித்துவிட்டுப் பிறகு தடவுவது போல வருகிறது."

யான் 8 இட்டதற்கு அவன் 2 இட்டான். ஆயினும் என் தாளையும் அவன் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, அவன் எழுதியதே மெய்யாகச் சுவைத்தவன் எழுத்தென்று கண்டேன். எட்டு வேறு, இரண்டு வேறு என்று அவனோடு வழக்காட மனம் வரவில்லை. அவனை எழுப்பி, அவன் எழுதியதை வகுப்புக் கேட்க வாசிக்கச் செய்தேன். கட்டுரைப் பாடத்தில் அவன் எழுந்து நின்று வாசித்தது அதுவே முதன்முறை.