தலையில் தட்டு, தட்டில் கோழிக்கால், கோழிக்காலில் ஒரு வீடு!

ரயில் வந்து நிற்கிறது. ஜன்னல்களுக்குக் கீழே வரிசையாகப் பெண்கள். அத்தனை பேரும் கறுப்பினப் பெண்கள். தலையில் சுமந்து வந்த பெரிய தட்டை இறக்கி, ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறார்கள். தட்டில் பொரித்த கோழி, ரொட்டி, இனிப்புப் பை. கூடவே சூடான காபி. உள்ளே இருந்து கைகள் நீளுகின்றன. காசு கைமாறுகிறது. விசில் ஊதுவதற்குள் விற்றால்தான் உண்டு!

அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில், கார்டன்ஸ்வில் என்ற சின்ன ஊரின் ரயில் நிலையத்தில் இது அன்றாடக் காட்சி. 1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு பல பத்தாண்டுகள் நடந்தது. ‘வெயிட்டர்’ என்றால் அப்போது அந்த வட்டாரத்தில் பெரிய தட்டுக்கும் பெயர். அதனால் இந்தப் பெண்களை ‘வெயிட்டர் காரியர்’ என்று அழைத்தார்கள். ‘தட்டுக்காரிகள்’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாமே.

என் பெண்ணின் பிரசவத்துக்காக ரிச்மண்ட் நகரில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது இந்த ஊரைப் பார்க்க வாய்த்தது. “அத்தை, குழந்தையும் கஞ்சியுமா இருந்து உங்களுக்கு அலுத்துப் போயிருக்கும், வாங்க ஒரு நாள் வெளியே போயிட்டு வரலாம்” என்றார் மாப்பிள்ளை. காரில் ஒன்றேகால் மணி நேரம். ஊரில் மொத்தம் 1,400 பேர்தான் இருப்பார்கள். ஒரே ஒரு பெரிய வீதி, ஓரமாகத் தண்டவாளம்.

முன்பு இது வெறும் நாற்சந்தி. நத்தானியல் கார்டன் என்பவர் இங்கே ஒரு சத்திரம் வைத்திருந்தார். அவர் பெயர்தான் ஊருக்கு. 1840-ல் ஒரு ரயில் பாதை வந்தது. 1854-ல் வடக்கே அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து இன்னொன்று வந்து சேர்ந்தது. அவ்வளவுதான், ஊரின் தலையெழுத்தே மாறிவிட்டது! ரிச்மண்டுக்கும், மேற்கே மலைப் பக்கத்துக்கும், வாஷிங்டன் பக்கத்துக்கும் போகிறவர்கள் எல்லோரும் இங்கே வண்டி மாற வேண்டும். மாறுகிறவர்களுக்குப் பசிக்காதா?

1860-ல் ஸ்டேஷனை ஒட்டி எக்ஸ்சேஞ்ச் ஹோட்டல் என்று மூன்று மாடிக் கட்டடம் எழும்பிற்று. இன்றும் நிற்கிறது, தாழ்வாரமும் தூணுமாக. பார்க்க அழகுதான். ஆனால் அடுத்த ஆண்டே போர் மூண்டது. 1862-லிருந்து அது தென்மாநிலப் படையின் ஆஸ்பத்திரி. ரயிலிலேயே காயம்பட்டவர்களைக் கொண்டு வந்து இறக்கினார்கள். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 70,000 பேருக்கு இங்கே சிகிச்சை நடந்ததாகக் கணக்கு. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தப் போரில் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரைக் கொன்றது துப்பாக்கிக் குண்டு அல்ல; வயிற்றுக் கடுப்பு, டைஃபாய்டு, தட்டம்மை போன்ற வியாதிகள்தான். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கையைக் கழுவு என்று நாம் வீட்டில் வாய் ஓயாமல் சொல்கிறோமே, அது அந்த நாளில் பெரிய டாக்டர்களுக்கே தெரியாது.

போர் முடிந்ததும் அதே கட்டடத்தில், விடுதலை பெற்ற அடிமைகளுக்காக அரசாங்கம் ஏற்படுத்திய இலாகா வைத்தியம் பார்த்தது. பிறகு மறுபடி ஹோட்டல். இப்போது மியூசியம்.

விடுதலை கிடைத்தது சரி. கையில் என்ன இருந்தது? நிலம் இல்லை, பணம் இல்லை, படிப்பு இல்லை. படிக்கவே விடவில்லையே! பெண்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலும் துணி துவைப்பதும்தான். அடிமையாக இருந்தபோது செய்த அதே வேலை, சொற்பக் கூலிக்கு. ஆனால் ஒன்று இருந்தது. மாடு குதிரை வைத்துக்கொள்ள முடியாத அடிமைக் குடும்பங்களைக்கூடப் பல பண்ணைகளில் நாலு கோழி வளர்க்க விட்டிருந்தார்கள். கோழி வளர்க்கத் தெரியும், சமைக்கத் தெரியும். வாசலிலேயே ரயில் நிற்கிறது. வேறென்ன வேண்டும்?

“கேக்க சுலபமா இருக்கும்மா, செஞ்சு பாத்தாத்தான் தெரியும்” என்றாள் என் பெண். வாஸ்தவம்தான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐஸ் பெட்டி கிடையாது. கோழியை முதல் நாளே சுத்தம் செய்து வைக்க முடியாது. விடிவதற்கு முன் எழுந்து, வெந்நீர் போட்டு, இறகு பிடுங்கி, துண்டம் போட்டு, உப்பும் மிளகும் மாவும் புரட்டி, விறகடுப்பில் கனத்த இரும்பு வாணலியில் பொரிக்க வேண்டும். ரயில் வரும் நேரத்துக்குச் சூடாகவும் இருக்க வேண்டும். வண்டி தாமதமானால் ஆறிப்போகும்; சீக்கிரம் வந்துவிட்டால் அடுப்பிலேயே கிடக்கும். மிஞ்சினால் அன்றிரவு குழந்தைகளுக்கு. இடுப்பில் பிள்ளை இருந்தாலும், மழை பெய்தாலும், தட்டு மட்டும் சாயக்கூடாது. போதாததற்கு, இவர்கள் விற்பதற்கு ஊர் நிர்வாகம் லைசென்ஸ் கட்டணம் வேறு வசூலித்தது!

ஊருக்குப் பேரும் புகழும் வந்தது இவர்களால்தான். ஜார்ஜ் பேக்பி என்ற வர்ஜீனியா எழுத்தாளர், கோழிக்காலுக்கு இந்தப் பிரபஞ்சத்தில் நடுமையம் இந்த ஊர்தான் என்கிற மாதிரி விளையாட்டாக எழுதி வைத்தார். ஆனால் சமைத்தவளை யார் நினைத்தார்கள்? அதே காலத்தில் வெள்ளையர்களின் போஸ்ட் கார்டுகளிலும் விளம்பரங்களிலும் கறுப்பர் என்றால் கோழி திருடுகிறவர், கோழிக்கு அலைகிறவர் என்று கேலிப் படம் போட்டார்கள். தன் கோழியை வளர்த்து, தன் கையால் பொரித்து, நேர்மையாக விற்றவளுக்கு அந்தப் படங்கள் எப்படி இருந்திருக்கும்? எனக்கு இதுதான் மனசை அறுத்தது.

இந்தத் தட்டுக்காரிகளின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர் பெல்லா வின்ஸ்டன். தாம் குடியிருந்த வீட்டைத் தம் அம்மா கோழிக்கால் விற்ற காசில்தான் வாங்கினார் என்று அவர் வயதான காலத்தில் சொல்லியிருக்கிறார். சொந்த வீடு! விலைக்கு விற்கப்பட்ட பரம்பரையில் வந்தவள், தன் பேரில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கினாள். சைக்கி வில்லியம்ஸ்-ஃபோர்சன் என்ற பேராசிரியை 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலுக்கு அந்தப் பேச்சிலிருந்துதான் பெயர் எடுத்தார்: ‘கோழிக்கால்களால் வீடு கட்டியவர்கள்’ என்று அர்த்தம் வரும்படி. இது போல் சேர்த்த காசில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் எத்தனையோ பேர். பெயர் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

எப்படி நின்றது இந்த வியாபாரம்? ஒரே நாளில் நிற்கவில்லை. ரயிலுக்குள்ளேயே சாப்பாட்டுப் பெட்டி வந்தது. சுகாதார விதிகள், லைசென்ஸ் கெடுபிடிகள் கூடின. ஏ.ஸி. வந்தபோது ஜன்னலையே அடைத்துவிட்டார்கள். திறக்காத ஜன்னலில் யாரிடம் விற்பது? அப்புறம் கார் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தட்டுகள் மறைந்துவிட்டன. இப்போது பயணி ரயில் எதுவும் இந்த ஊரில் நிற்பதில்லை.

சமீப வருஷங்களில் இந்தப் பெண்களின் நினைவாக ஊரில் பொரித்த கோழித் திருவிழா நடத்தியிருக்கிறார்கள், போட்டியும் உண்டாம். போர், தளபதிகள் என்றே பேசிக்கொண்டிருந்த ஊர், கடைசியில் அடுப்பங்கரைப் பக்கமும் திரும்பிப் பார்த்ததே, சந்தோஷம்.

ருசியைப் பற்றி மட்டும் என்னைக் கேட்காதீர்கள், நான் சுத்த சைவம். மாப்பிள்ளை வீதிக்கடையில் ஒரு தட்டுக் கோழி வாங்கி, “பேருக்கேத்த ருசிதான், அத்தை” என்று விரலைச் சப்பிக்கொண்டார். நான் ஆப்பிள் பை வாங்கிக்கொண்டேன். அதுவும் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கவில்லை என்று கடைக்காரப் பெண்ணிடம் இரண்டு தரம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான்!