மருந்துறையில் எழுதியது யாருக்காக?

ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால், அன்றைய பேர் போகும். துணைக்குச் செல்பவரின் பேரும் போகும். ஆகவே "நாளைக்குப் பார்ப்போம்" என்று வலியைப் பொறுத்துக்கொள்வோரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம்.

இந்நிலை நேற்று வந்ததல்ல. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தொழிலாளரின் சிகிச்சையைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. நாடெங்கும் அரசாங்க இலவச மருத்துவம் விரிந்தபோதும் நம் மக்கள் தோட்ட மருந்தகத்தையே நம்பியிருந்தனர். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் சென்ற பின்னரும் இவ்வேறுபாடு முற்றாக நீங்கவில்லை.

விளைவு குழந்தைகளின் உடலில் தெரிகிறது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவ 100க்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர்.

2017 மே மாதம் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் கட்டிடம் மட்டும் போதாது. வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தாயொருவர் பிள்ளையின் மருந்துறையை நம்மிடம் நீட்டினார். எத்தனை வேளை என்பது சிங்களத்தில் மட்டுமே இருந்தது. இரண்டு நாளாக மருந்து கொடுக்கவில்லை. பிழையாகக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம். தமிழ் 1987இல் அரசகரும மொழியாயிற்று. அந்த உறையை அது இன்னும் எட்டவில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன? சிங்களம் அறிந்த இளைஞர் இருவரை ஒவ்வொரு லயத்திலும் அடையாளம் காண்போம், நோயாளியுடன் அனுப்புவோம். காலை, பகல், இரவு என உறையில் அடையாளமிட்டுத் தரும்படி கேட்போம். தமிழில் எழுதித் தரும்படியும் கூட்டாகக் கேட்போம். அது சலுகையல்ல, உரிமை.