ஒரே அறை, நான்கு நாடுகள்

வெளிநாடு செல்லும் பெண்ணுக்கு நாம் பல புத்திமதிகள் சொல்லி அனுப்புகிறோம். கடவுச்சீட்டு கவனம், காசு கவனம் என்கிறோம். ஆனால் அங்கே அவள் யார் யாருடன் ஒரே அறையில் படுத்தெழும்பப் போகிறாள் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டுபாய், ஷார்ஜா போன்ற நகரங்களில் துப்புரவு வேலை, கடை வேலை செய்யும் பெண்கள் பலர் நிறுவனம் கொடுக்கும் அறையிலோ, ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்தோ தங்குகின்றனர். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம்.

வன்னியைச் சேர்ந்த சகோதரி ஒருவர் 2022 டிசெம்பரில் டுபாய் சென்றவர். அவருடைய அறையில் பிலிப்பைன்ஸ், நேபாளம், எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் பெண்கள் மூவர் இருந்தனர். முதல் வாரமே எத்தியோப்பியப் பெண் பெரிய தட்டில் இஞ்செரா வைத்து எல்லோரையும் அழைத்தார். இஞ்செரா என்பது புளித்த மாவில் சுடும், தோசை போன்ற உணவு. எல்லோரும் ஒரே தட்டில்தான் சாப்பிட வேண்டும். திடீரென அந்தப் பெண் ஒரு கவளத்தை எடுத்து எமது சகோதரியின் வாயருகே நீட்டினார். எச்சில் என்று அருவருத்து இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் இருவரும் பேசவில்லை.

புதுவருடம் பிறந்த இரவு வாணவேடிக்கை வெடித்தது. ஷெல் சத்தம் நினைவில் எழ, இவர் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்கிவிட்டார். அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தவர் அதே எத்தியோப்பியப் பெண்தான். அவருடைய ஊர் திக்ராய். 2020 முதல் 2022 வரை அங்கும் கொடிய போர். இருவருக்கும் பொது மொழி இல்லை. ஆனால் அந்தப் பயம் இருவருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் பிலிப்பைன்ஸ் பெண்தான் விளக்கினார். வாயில் ஊட்டும் அந்த வழக்கத்தின் பெயர் குர்ஷா. அன்பும் மரியாதையும் உள்ளவருக்கே அப்படி ஊட்டுவார்கள்.

"எங்கட அம்மா குழைச்சு உருட்டித் தாற சோறு மாதிரித்தானே மிஸ்! விளங்காமல் அவவின்ர மனசை நோகப்பண்ணிப்போட்டன்" என்றார் சகோதரி.

எமது வழக்கங்களும் மற்றவருக்குப் புதிர்தான். நாம் தலையை ஆட்டி "ஓம்" என்பது சிலருக்கு "இல்லை" என்று தோன்றும். பிலிப்பைன்ஸ் பெண் பேசாமல் புருவத்தை உயர்த்தினால் அது "ஓம்", ஏளனம் அல்ல.

ஆகவே சகோதரிகளே, சமைக்கும் நேரம், குளியலறை முறை, விளக்கேற்றும் இடம் ஆகியவற்றை முதல் நாளே பேசி ஒழுங்குசெய்யுங்கள். ஆனால் அடிப்பதும், கடவுச்சீட்டைப் பறிப்பதும் எந்த நாட்டின் கலாசாரமும் அல்ல. அவற்றைப் பொறுக்க வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு இங்குள்ள உறவினர் அழைத்து முறையிடலாம்.

மற்றவற்றில், முகத்தைத் திருப்புமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம்?" ஆபத்து நேரத்தில் முதலில் ஓடிவரப் போகிறவர் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரே.