ஸ்டோர் முனியும் சமையலறைச் சாமியும்

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலை ஸ்டோர் அருகே ஒரு கல்லும் சூலமும் நின்றால், அது பெரும்பாலும் ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். தமிழ்நாட்டில் ஊர் எல்லையைக் காத்த முனி, மலைக்கு வந்து ஸ்டோர் இயந்திரத்துக்குக் காவலானார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டவும் தனியே ஒரு சாமி, கவ்வாத்துச் சாமி. இவர்கள் எந்த நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று எந்தச் செக்ரோலிலும் பதிவு இல்லை.

சாமி ஊர் மாறி, வேலையும் மாறுவது ஜப்பானிலும் நடந்தது. அங்கே அதிர்ஷ்டம் தரும் தெய்வங்கள் ஏழு. தூண்டிலும் மீனுமாக நிற்கும் எபிசு மட்டுமே உள்ளூர்க்காரர். மூவர் சீனாவிலிருந்து போனவர்கள். மிச்ச மூவர் நமக்குச் சொந்தம்: பிவா என்ற நரம்பு வாத்தியம் ஏந்திய பென்சைதென் நம் சரஸ்வதி, கவசமணிந்த பிஷாமோன்தென் குபேரன், தைகோகுதென், சொன்னால் நம்பமாட்டீர்கள், மகாகாலன்.

சுடலைச் சாம்பலோடு நாம் நினைக்கும் மகாகாலன், ஜப்பானில் நெல் மூட்டை மேல் நின்று சிரிக்கிறார். தோளில் பை, கையில் சுத்தியல், காலடியில் எலி. சுத்தியலைத் தட்டினால் செல்வம் கொட்டுமாம். இந்த மாற்றம் ஜப்பானில் தொடங்கியதல்ல. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி இ-சிங், இங்குள்ள பௌத்த மடங்களின் சமையலறைத் தூணருகே மகாகாலன் சிலை இருந்ததையும், எண்ணெய் தடவித் தடவி அது கறுத்திருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சிலையின் கையில் பணப்பை. எண்ணெய் வழியும் கறுத்த சாமியை நமக்குத் தெரியாதா!

எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, இந்த எழுவரும் கட்டைவிரல் அளவுச் சிற்பங்களானார்கள். பெயர் நெட்சுகே. கிமோனோவின் இடுப்புப் பட்டியில் புகையிலைப் பையைக் கயிற்றால் தொங்கவிடுவார்கள். கயிறு நழுவாமல் மேலே பிடித்து நிற்கும் குமிழ்தான் இது. மரம், தந்தம், மான்கொம்பு எல்லாவற்றிலும் செதுக்கினார்கள். மேல்நாட்டு உடுப்பு வந்ததும் நெட்சுகேவுக்கு வேலை போயிற்று. ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் அள்ளிக்கொண்டார்கள். இன்று பிசினில் வார்த்த போலிகள் ஏராளம். பழையதென்று யாராவது நீட்டினால், கயிறு நுழையும் துளையின் ஓரம் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தந்தமென்றால் வாங்காமல் இருப்பதே நல்லது.

தைகோகுதென்னுக்கு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி கிடைத்துவிட்டது. ரோதமுனிக்கு ஒரு கல்தான். ஸ்டோர் மூடினால் அதற்கும் விளக்கு வைக்க ஆள் இருக்காது. உங்கள் தோட்டத்து முனியின் கதை தெரிந்த அப்பாயியோ தாத்தாவோ லயத்தில் இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.